கருப்பட்டியின் தட்டுச் சத்தம்

பாப்பா,

கருப்பட்டி இறந்துவிட்டது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, வந்தாலும் உன்னிடம் அப்படிப் பேசக் கூடாது. கார்த்திகை மழையின்போதே இறந்துவிட்டது. இப்போது மாசி. அதற்குப் பிறகும் நீ தினமும் சாயங்காலம் போன் செய்து "சாப்பிடுடா" என்று சொன்னாய். தட்டு தரையில் உரசுகிற சத்தமும் உனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் கருப்பட்டியுடையது இல்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு நான் என் கையால் தட்டை நகர்த்தினேன். உப்பு மூட்டையின் அடியில் ஈரம் இருந்தால் அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவேன் என்று இந்த உப்பள வட்டாரம் முழுக்க எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துத்தான் சைக்கிளில் ஆரம்பித்தவன் லாரி வரைக்கும் வந்தேன். என் பெண்ணிடம் மட்டும் இத்தனை நாள் ஈர மூட்டையைக் காய்ந்தது என்று சொல்லி விற்றிருக்கிறேன்.

வளைகாப்பு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நீயும் பெங்களூரிலிருந்து காரில் கிளம்பி வருவீர்கள். வளைகாப்புக்கு அம்மா அங்கே கிளம்பும்போது இந்தக் கடிதத்தை அவள் பையில் வைத்துவிடுகிறேன். திண்டிவனம் தாண்டி மரக்காணம் ரோட்டில் திரும்பியதும் உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டைத் திறந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் என்று நீ குனிந்து பார்க்கப்போகிறாய், அது வராது, அப்போது நான் முழித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி ஒரு நிமிஷம் உனக்கு வரக் கூடாது. அழ வேண்டுமென்றால் காரிலேயே அம்மா மடியில் படுத்து அழுதுவிட்டு வா. உன் டாக்டரிடம் கேட்டுவிட்டேன், இனிமேல் பயமில்லை, குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு இதை எழுதும் தைரியம் வந்தது.

நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாண்டிச்சேரி காலேஜிலிருந்து வரும்போது பொம்மையார்பாளையம் பஸ் ஸ்டாப்பில் கிடந்தது என்று துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாய். நான் குடோனில் லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாது இது, துணியில கருப்பட்டிய சுத்திக் கொண்டாந்திருக்க?" என்று கேட்டேன். நீ உடனே வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, அப்பா பேரு வெச்சிட்டாரும்மா!" என்று கத்தினாய். "பேரும் வெக்கல ஊரும் வெக்கல, எடுத்த எடத்துலயே போய் வுட்டுட்டு வா" என்றேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். டிரைவர் கோபால், "மொதலாளி, பேர் வெச்சா அப்பறம் சோறு போடணும், அதான் மொறை" என்றான். அத்தனை பேர் முன்னால் நீ என்னை மடக்கிவிட்டாய். வியாபாரத்தில் என்னை அப்படி யாரும் மடக்கியதில்லை.

எனக்கு நாயே ஆகாது என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உன் வயதில் நான் வானூர் பக்கத்துக் கிராமங்களுக்குச் சைக்கிளில் கல்லுப்பு கொண்டுபோய் விற்றேன். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் நாய்கள் சைக்கிளைத் துரத்தும். பின்னால் மூட்டை இருக்கும், வேகமாக மிதிக்க முடியாது. ஒரு தடவை கெண்டைக்காலில் பிடுங்கிவிட்டது. அந்தக் காலத்தில் நாய்க்கடி ஊசியை வயிற்றைச் சுற்றிப் போடுவார்கள். ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே அதே ஊருக்கு விற்கப் போனேன், அதே நாய் நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து நாய் என்றால் எனக்கு ஒரு தொல்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் நீ ஒரு நாயைக் கொண்டுவந்து, என் செருப்புக்குப் பக்கத்திலேயே படுக்கவும் வைத்தாய்.

அதன் கோணங்கித்தனங்களை நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுத ஆசையாக இருக்கிறது. குடையைக் கண்டால் அதற்கு ஆகாது. மடக்கிய குடையைப் பார்த்தால் உறுமும், விரித்தால் பாயும். மழை பெய்தால் உப்பளத்துக்காரனுக்குப் பிழைப்பில்லை, அதனால் குடை பிடிக்கிறவனெல்லாம் அதற்கு எதிரி என்று கோபால் வருகிறவர் போகிறவரிடம் விளக்கம் சொல்வான். அளத்துக்கு வந்தால் வரப்பின் மேல்தான் நடக்கும், பாத்தியில் கால் வைக்காது. உப்பு வாருகிற பெண்கள் வேண்டுமென்றே கருவாட்டுத் துண்டைப் பாத்தி நடுவில் போட்டுப் பார்த்தார்கள். வரப்பில் உட்கார்ந்து அழுததே தவிர இறங்கவில்லை. நான் யாரிடமாவது நின்று விலை பேசினால் வந்து என் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். முழுப் பாரத்தையும் போட்டு உட்காரும். புரோக்கர் ஒருவர், "நாய் ஒங்கள அமுக்கி வெச்சிருக்குது போல, அதான் வெலைய வுட்டு எறங்க மாட்றீங்க" என்பார்.

அதற்குச் சாப்பாடு பழக்கியதுதான் நீ செய்த பெரிய வேலை. நம் தெருவில் யாரோ கறியில் மருந்து கலந்து வைத்து, தெரு நாய்களெல்லாம் ஒரே நாளில் விழுந்து கிடந்தது உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நீ காலேஜ் போகவில்லை. அதற்கப்புறம்தான் கருப்பட்டியைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்து, நீ "சாப்பிடு" என்று சொன்னால் ஒழிய வாய் வைக்கக் கூடாது என்று பழக்கினாய். அம்மா மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்துவிட்டு, "இது நாயா சாமியாரா, எச்சில் ஒழுவ ஒக்காந்திருக்குது பாரு" என்று சிரிப்பாள். நீ முகம் கழுவி, தலை பின்னி, ஆற அமர வந்து சொல்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கும். சொன்னதும் பாய்ந்து, தட்டைத் தள்ளிக்கொண்டே போய், சுவரில் முட்டிய பிறகுதான் நிற்கும்.

உனக்குக் கல்யாணம் ஆகி நீ போன அன்று அது சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. நான் சொன்னேன், அம்மா சொன்னாள். நாங்கள் சொன்னால் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும், நீ வருகிறாயா என்று. அம்மா உன் குரல் மாதிரியே பேசிப் பார்த்தாள். "எங்கிட்டயே மிமிக்ரியான்னு பாக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம்தான் உனக்கு வீடியோவில் போன் போட்டோம். உன் முகத்தை அது பார்க்கவே இல்லை. போனுக்குப் பின்னால் போய்த் தேடிவிட்டு வந்து தரையில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. நீ அங்கே உடைந்துபோய் அழுதாய். வீடியோவை நிறுத்திவிட்டு வெறும் குரலில் பேசச் சொன்னது நான்தான். போனை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கருப்பட்டி, சாப்பிடுடா" என்று நீ சொன்னதும் என் நெஞ்சை முகர்ந்து பார்த்தது, பிறகு சாப்பிட்டது. நீ என் பைக்குள் இருக்கிறாய் என்று அது நம்பியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் எங்கிருந்தாலும் நான் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதாயிற்று. லோடு பாதியில் நிற்கும், லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். "மொதலாளி எங்கப்பா?" "நாய்க்குப் போன் பேசப் போயிருக்காரு." இந்தக் கிண்டல் அளம் முழுக்கப் பரவி, கொத்தவால் சாவடி மொத்தக் கடையில் உப்பு வாங்குகிறவர் வரைக்கும் போய்விட்டது. நான் கண்டுகொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், நீ போன பிறகு நானும் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன். அது சாப்பிட்டு முடித்ததும் நீ என்னிடம் பேசுவாய். முன்னெல்லாம் நீ அம்மாவிடம்தான் பேசுவாய், என்னிடம் "நல்லா இருக்கியாப்பா" என்பதோடு சரி. அந்த நாய்க்குச் சோறு ஊட்டப் போய்த்தான் எனக்குப் பெண்ணோடு பேசுகிற பழக்கமே வந்தது. விடியற்காலையில் அளத்துக்குப் போகும்போது அதுவும் கூட வரும். வரப்பில் அது முன்னால், நான் பின்னால். பேச்சே இருக்காது. என் வாழ்க்கையில் கொடுக்கல் வாங்கல் பேசாமல் யாரோடாவது நடந்தேன் என்றால் அதோடுதான்.

ஐப்பசி கடைசியில் அது இளைக்க ஆரம்பித்தது. தண்ணீர் நிறையக் குடித்தது, குடித்ததை வாந்தி எடுத்தது. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிட்னி போய்விட்டது என்றார். பட்டினி கிடந்ததாலா என்று நான் கேட்டேன். நீ இதைக் கேட்பாய் என்று தெரிந்துதான் அன்றே கேட்டு வைத்தேன். "இல்லீங்க, எந்த நாய்க்கும் வர்றதுதான்" என்றார். இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. நான் ஆறுதலுக்குச் சொல்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் இதை நம்பு. தினமும் டெம்போவில் தூக்கிப்போய் குளுக்கோஸ் ஏற்றினோம். கோபால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான், நான் அதன் காலைப் பிடித்துக்கொள்வேன். குளுக்கோஸ் ஏற்றின அன்று ராத்திரி எழுந்து நடக்கும், மறுநாள் படுத்துவிடும். அப்போது உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், முதல் தடவை கரு தங்காமல் போன பிறகு உனக்கு இது நின்றிருந்தது. டாக்டர் உன்னைக் கட்டிலை விட்டு இறங்காதே என்று வைத்திருந்தார். சொன்னால் நீ பஸ் பிடித்தாவது வந்துவிடுவாய்.

ஒருநாள் சாயங்காலம் நீ போனில் "சாப்பிடுடா" என்றாய். அது தலையைத் தூக்கியது. வால் இரண்டு தடவை தரையைத் தட்டியது. வாய் வைக்கவில்லை. நீ மறுபடி, "இன்னாப்பா, சாப்பிடுதா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் என் கை தட்டை இழுத்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நீ, "மெதுவா தின்னு, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்று சிரித்தாய். கருப்பட்டி பக்கத்தில் படுத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் செய்தது அதற்குப் புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதன் முகத்தை நான் பார்க்கவில்லை.

நல்ல மழை நாளில் விடியும்போது இறந்தது. குடோனில் உப்பு மூட்டைகளுக்கு நடுவே சாக்கு விரித்துப் போட்டிருந்தேன், ஈரம் படாத இடம் அதுதான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து பாதத்தின் மேல் உட்கார முயன்றது, முடியவில்லை. நானே காலை நீட்டி அதன் கழுத்துக்குக் கீழே கொடுத்தேன். அப்படியே போய்விட்டது. நம் இடம் முழுக்கத் தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும், அதில் எதையும் புதைக்க முடியாது. அதனால் டெம்போவில் ஏற்றி, வானூர் பக்கம் செம்மண்ணில் நாம் வாங்கிப்போட்ட மனைக்குக் கொண்டுபோனோம். கோபால் குடை விரித்தான், உடனே மடக்கிவிட்டான். இரண்டு பேரும் நனைந்துகொண்டே குழி வெட்டினோம். குழிக்குள் உப்பு போடுகிற வழக்கத்துக்காக ஒரு மூட்டை எடுத்துப் போயிருந்தேன். எவ்வளவோ சாவுக்கு என் கடையிலிருந்து உப்பு போயிருக்கிறது, நானும் யோசிக்காமல் அளந்து கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் கையால் அள்ளிப் போட முடியவில்லை. கோபால்தான் மூட்டையை வாங்கிக்கொண்டான்.

திரும்பி வந்ததும் அம்மா, "ஏங்க, மாசமா இருக்கற பொண்ணு. சாவு சேதி அவ காதுல வுழக் கூடாது. கொழந்த பொறக்கற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றாள். "இன்னும் எத்தினி மாசம் இருக்குது, தெனமும் போன் பண்ணுவாளே" என்றேன். "பண்ணா இன்னா? சாப்பிடுதுன்னு சொல்லுங்க." மனிதச் சாவுக்கே நம் வீடுகளில் மாசமான பெண்ணிடம் இப்படித்தான் மறைப்போம், உன் அத்தையின் மாமனார் போனதை நீ எத்தனை நாள் கழித்துக் கேள்விப்பட்டாய் என்று யோசித்துப் பார். அம்மாமேல் கோபப்படாதே. அன்று சாயங்காலம் நீ போன் செய்தபோது அவள் தோட்டத்துப் பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள், மழை பெய்துகொண்டிருந்தது. நான் வெறும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையிடமும் நாங்கள் சொல்லவில்லை. சொல்லிவிடலாம், அவர் அங்கே உன்னைப் பார்த்துக்கொள்வார் என்று அம்மா சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். பெண்டாட்டியிடம் பொய் சொல்லப் புருஷனைப் பழக்குவது நல்லதில்லை, அது நல்ல காரணத்துக்காக இருந்தாலும். நீயும் இதை ஞாபகம் வைத்துக்கொள். நாளைக்கு எங்களைப் பற்றி ஏதாவது கெட்ட செய்தி வரும், வராமல் இருக்காது. அவரிடமிருந்து மறைக்காதே, அவரையும் உன்னிடமிருந்து மறைக்க விடாதே. மறைக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். முதல் நாள் தட்டை ஒரு தடவை இழுத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். போகப் போகக் கை பழகிவிட்டது. அது எப்படித் தள்ளிக்கொண்டு போகுமோ அப்படியே தட்டைத் தள்ளி, சுவரில் முட்ட வைத்து, கொஞ்சம் நிறுத்தி, நக்குகிற மாதிரி விரலால் தேய்க்கவும் கற்றுக்கொண்டேன். நீ சிரித்தால் நானும் சிரித்தேன். ஒருநாள் போனை வைத்த பிறகும் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா வந்து கையைப் பிடித்தாள். உன் உடம்புக்காகத்தான் செய்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் எனக்கும் அது இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாய் ஒரு தொல்லை என்றவனுடைய நிலைமையைப் பார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உன் குழந்தைக்கு ஒரு நாய் வளர்த்துக் கொடு. பெங்களூர் வீட்டில் இடமில்லை என்று சொல்லாதே, நாம் ஓலைக் கொட்டகையில் இருந்தபோதே உன்னை வளர்த்தோம். ஆனால் உன் ஒரு குரலுக்கு மட்டும் சாப்பிடப் பழக்காதே. நீ அதைப் பயத்தில் செய்தாய், பாசத்தில் செய்தாய், அது நாயைக் காப்பாற்றவும் செய்தது, எல்லாம் சரி. ஆனால் நீ இல்லாத இடத்தில் அதற்குப் பசித்தது. குழந்தையையும் அப்படி வளர்க்காதே. அம்மா ஊட்டினாலும், அத்தை ஊட்டினாலும், பக்கத்து வீட்டுக்காரி ஊட்டினாலும் வாயைத் திறக்கிற பிள்ளையாக வளர்த்துவிடு. நாம் எப்போதும் பக்கத்திலேயே இருந்துவிடப் போவதில்லை. எனக்கும் முன்போல வரப்பில் நடக்க முடியவில்லை, முட்டி பிடித்துக்கொள்கிறது. இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை, இருக்கிற இருப்பைச் சொல்கிறேன்.

நீ வந்ததும் அந்த மனைக்குக் கூட்டிப்போ என்பாய். வேண்டாம், குழந்தை பிறந்து நீ நன்றாக நடக்கிற வரைக்கும் பொறு. நானே கூட்டிப்போகிறேன். அதன் தட்டையும் கழுத்துப் பட்டையையும் அம்மா எடுத்து வைத்திருக்கிறாள், கேட்டால் கொடுப்பாள். அளத்தில் வேலை ஆரம்பித்துவிட்டது, பாத்திகளைக் காலால் மிதித்துச் சரிசெய்கிறார்கள். கருப்பட்டியைப் பற்றி உன்னிடம் பேசக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இனி பேசலாம் என்று சொல்லிவிடுகிறேன். அவர்களிடமும் சொல்ல நிறைய இருக்கிறது.

இதை எழுத உட்காருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நீ போன் செய்தாய். வழக்கம்போல, "கருப்பட்டி, சாப்பிடுடா" என்றாய். தட்டு எனக்கு முன்னால்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிடுவாய், இன்னும் சில நாள் ஓட்டிவிடலாம். ஆனால் இன்றைக்குக் கை போகவில்லை. நான் தட்டைத் தொடவே இல்லை. நீயும் சாப்பிடுதா என்று கேட்கவில்லை. உங்கள் வீட்டில் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது, தட்டுச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க நீதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"அப்பா."

"ம்."

"லைன்லதான இருக்க?"

"இருக்கேம்மா."

"வெச்சிடாத. ஒண்ணும் பேச வேணாம். கொஞ்ச நேரம் அப்படியே இரு."

நான் அப்படியே இருந்தேன். நீ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் உறிஞ்சியதும் உனக்குக் கேட்டிருக்கும்.

அப்பா